பன்றிக்கொட்டிலைப் பார்க்காத ஜன்னல்

பேச்சாளர் நீட்டினால் அடிப்பதற்கென்றே மடியில் மாட்டு மணியோடு தலைமை தாங்கி வீற்றிருக்கும் ஊர்மன்றத் தலைவி க்ளோரிந்தா ஒயார்சோ அம்மையார் அவர்களே, தோள் கன்ற, தொண்டை கம்ம, என் வீட்டை இழுத்துவந்த பெரியோர்களே, அவர்களுக்குப் பசியாற்ற உருளைக்கிழங்கு துருவித் துருவி விரல் தேய்ந்த தாய்மார்களே, நாற்பது ஆண்கள் நாற்பது விதமாகக் கட்டளையிட்டபோதும் குழம்பாமல் நடந்து, இப்போது வெளியே கட்டப்பட்டிருக்கும் காளைகளே, பெருநிலத்திலிருந்து படகேறி வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மகிழ்ச்சிப் பயிற்சியாளர் பெர்னார்தித்தா அம்மையார் அவர்களே, கடைசி வரிசையில், கதவோரத்தில், குழியடுப்பின் மணத்தை மோப்பம் பிடித்தபடி நிற்கும் என் முன்னாள் கொழுந்தனார் பிலிபெர்த்தோ அவர்களே, உங்கள் அனைவருக்கும் எர்சிலியா பாரியாவின் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘மாற்றத்தின் பருவத்தில் சின்னச் சின்ன மகிழ்ச்சிகள்.’ அழகான தலைப்பு. பெர்னார்தித்தா அம்மையார் தம் கையாலேயே எழுதி அனுப்பினார்கள். அதில் ‘சின்ன’ என்ற சொல் மட்டும் இரண்டு முறை வருகிறது. ஒருமுறை சொன்னால் நமக்கு உறைக்காது என்று நினைத்தார்கள் போலும்.

பருவம் என்றார்களே, எது பருவம்? பத்தொன்பது வருடம் குடித்தனம் நடத்திய கணவர், போன மார்ச் மாதத்தில், வேறொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தெற்கே போய்விட்டார். இதற்குப் பெயர் பருவமா? பருவம் என்றால் திரும்பி வரும். அவர் வரமாட்டார். வந்தாலும் படியேற்ற மாட்டேன். அங்கே யார் தலையாட்டுவது? க்ளோரிந்தா அம்மையாரா? நல்லது, மணியைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டுங்கள்.

அவர் போன எட்டாம் நாள் கொழுந்தனார் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. நின்றபடியே சொன்னார்: “அண்ணி, நெலம் எங்க குடும்பத்தோடது. வீடு உங்கப்பா கட்டுனதுதானே? வேணும்னா தூக்கிட்டுப் போங்க.”

சிரிக்கிறீர்கள். சிரிக்கவேண்டியதுதான். உலகத்தில் வேறு எந்த ஊரில் வேண்டுமானாலும் ஒரு பெண்ணைப் பார்த்து அப்படி நையாண்டி செய்யலாம். அவள் அழுவாள், பெட்டி கட்டுவாள், போய்விடுவாள். சிலோயே தீவில் பிறந்து, சிலோயே மழையில் நனைந்து, சின்ன வயதிலிருந்து பக்கத்து மரவீடுகளைக் காளை பூட்டிக் கடற்கரை வழியே இழுத்துப்போவதைக் கண்ணால் கண்ட ஒருவர், இன்னொரு சிலோயேக்காரியிடம் “வீட்டைத் தூக்கிட்டுப் போ” என்று சொல்லலாமா? சொன்னார். புத்திசாலிகள் நிறைந்த குடும்பம் அது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அன்று நானும் அழத்தான் செய்தேன். மாதக்கணக்கில் அழுதேன். அந்த நேரத்தில்தான் இதே மண்டபத்தில் அம்மையார் வகுப்பு நடத்தினார்கள். துவண்ட பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மஞ்சள் நோட்டு. நாளுக்கொரு சின்ன மகிழ்ச்சியைத் தேடு, நன்றியோடு எழுது, நாளடைவில் நலம் பெறுவாய். நானும் எழுதினேன். இதோ அந்த நோட்டு. வாசிக்கிறேன், கேளுங்கள்.

முதல் பக்கம்: “இன்று கெட்டில் சீக்கிரம் கொதித்தது.” நான்காம் பக்கம்: “இன்று ரொட்டி கருகவில்லை.” பதினோராம் பக்கம்: “இன்று பன்றிகள் சீக்கிரம் தூங்கிவிட்டன.”

இந்தப் பன்றி எங்கிருந்து வந்தது என்று அம்மையார் கேட்கவில்லை. என் சமையலறை ஜன்னலிலிருந்து வந்தது. அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், கொழுந்தனாரின் பன்றிக்கொட்டில். பத்தொன்பது வருடமாகப் பாத்திரம் கழுவும்போது பன்றி, காய் நறுக்கும்போது பன்றி, கண்ணீர் விடும்போதும் பன்றி. “அத வேற பக்கம் வைக்கச் சொல்லுங்களேன்” என்று கணவரிடம் கல்யாணமான முதல் வருடம் கேட்டேன். “ஒரு ஜன்னலுக்காகவா?” என்றார். அதன்பிறகு நான் கேட்கவில்லை. கேட்காதது என் குற்றம்.

பதினோராம் பக்கத்தை வாசித்துவிட்டு அம்மையார் என்ன சொன்னார்கள் தெரியுமா? “பாத்தீங்களா எல்லாரும்? பன்னி தூங்குறதுலகூட ஒரு சந்தோஷத்தக் கண்டுபிடிச்சிருக்காங்க எர்சிலியா. கைதட்டுங்க.” தட்டினீர்கள். நீங்களும் தட்டினீர்கள், க்ளோரிந்தா அம்மையாரே. எனக்கு மானம் போயிற்று. பன்றி தூங்குவதற்காக நன்றி சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோமா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை ருதெசிந்தோ சிகுவாய் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இந்தத் தீவில் அவர் நடத்தாத வீட்டிழுப்பு இல்லை. “அண்ணே, மிங்கா கூப்பிடணும்” என்றேன். ஊர்கூடிச் செய்யும் வேலைக்கு, மிங்கா என்று அழைத்துவிட்டால் வராதிருப்பவர் யார்? கூலி கேட்பவர் யார்? வயிறார உணவு, வாயார வாழ்த்து, அவ்வளவுதான். அம்மா வழியில் எனக்கு வந்த மேட்டு நிலத்தைக் காட்டினேன். “சரிம்மா” என்றார்.

அந்த நாளை நீங்களே அறிவீர்கள். வீட்டைத் தூணிலிருந்து எழுப்பி, மரச்சட்டத்தில் ஏற்றி, பத்து ஜோடி காளை பூட்டி, கடல் வடிந்த நேரம் பார்த்து, கரை வழியே இழுத்தீர்கள். என் அப்பா செதுக்கிச் சுவரில் பதித்த மரச்செதில் ஒன்றுகூட உதிரவில்லை. கொழுந்தனார் தம் காளை ஜோடியோடு கூடவே வந்தார். இழுக்க வரவில்லை, உடைவதைப் பார்க்க வந்தார். உடையவில்லை. அவருக்கு அது ஒரு சின்னச் சோகம், நோட்டிருந்தால் எழுதியிருப்பார்.

மேட்டுக்கு வந்து சேர்ந்தோம். வானம் கறுத்துவிட்டது. ஒரு ஜோடிக் காளையில் ஒன்று நொண்ட ஆரம்பித்தது. “ஏம்மா, எறக்கிடலாமா?” என்று கேட்டார் அண்ணன். நான் உள்ளே ஏறிச் சமையலறையில் நின்று பார்த்தேன். பின்பக்கச் சுவர் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு நேரே, சரிவுக்குக் கீழே, சின்னதாக, அதே கொட்டில்.

சின்னதாக. அம்மையாரே, நீங்கள் கற்றுக்கொடுத்த சொல் அப்போது நினைவுக்கு வந்தது. தூரமாகத்தானே இருக்கிறது, சின்னதாகத்தானே தெரிகிறது, பொறுத்துக்கொள் எர்சிலியா, திரை போட்டுக்கொள் எர்சிலியா, ஊரே களைத்திருக்கிறது, இதற்குமேல் கேட்டால் என்ன நினைப்பார்கள் எர்சிலியா. பத்தொன்பது வருடம் இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாசலுக்கு வந்தேன். “எறக்காதீங்கண்ணே. வீட்டத் திருப்பணும். அடுப்படி ஜன்னல் கடலப் பாக்கணும்” என்றேன்.

மிங்காவில் பாதியில் சொல் மாற்றுவது வழக்கமில்லை என்பது எனக்குத் தெரியாதா? அண்ணன்தான் வாய் திறந்தார். “ஏம்மா, ஒரு மணி நேர வேல. மழ வந்துருச்சுன்னா சேத்துல மாட்டிக்குவோம். கடல் எங்க போயிறப் போகுது? வெளிய வந்து பாத்துக்கலாமே.”

“கடல் போகாதுண்ணே. நானும் எங்கயும் போகாம பத்தொம்போது வருஷம் பன்னியப் பாத்துட்டேன். திருப்பித் தாங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், காளைகளை எண்ணினார். “ஒம்போது ஜோடிதான் தேறும். பக்கவாட்டுல இழுக்க இன்னொண்ணு வேணும்” என்றார். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. வேலிக்கு அருகே, ஊரிலேயே வலுத்த காளை ஜோடியோடு, கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் யார்? சொல்லுங்கள், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்.

அவர் முனகிக்கொண்டே வந்து பூட்டினார். “ஒங்களுக்காக இல்ல அண்ணி. அந்த ஜன்னல் இனிமே எங்க பக்கம் பாக்கவே வேணாம், அதுக்குத்தான்.” அந்தக் குடும்பத்தோடு நான் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

இழுத்தீர்கள். மழையில் இழுத்தீர்கள். முழங்கால் சேற்றில் நின்று, ஏலேலோ போட்டு, நெம்புகோல் வளைய வளைய நெம்பி, ஒரு வீட்டை, ஒரு ஜன்னலுக்காக, ஒருத்தி கேட்டாள் என்பதற்காக, அரைவட்டம் திருப்பி வைத்தீர்கள்.

இப்போது சொல்லுங்கள். சின்ன மகிழ்ச்சி போதும் என்று யார் யாருக்குச் சொல்கிறார்கள்? நிலம் வைத்திருப்பவரிடம் போய் யாராவது நோட்டு நீட்டினார்களா? பெட்டி கட்டிக்கொண்டு தெற்கே போனவரிடம், “கெட்டில் கொதிப்பதில் மகிழ்ச்சி தேடுங்கள் ஐயா” என்று யாராவது சொன்னார்களா? நமக்குத்தான் சொல்வார்கள், தாய்மார்களே. நாம் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகச் சொல்வார்கள். கெட்டில் கொதிப்பது எனக்கும் பிடிக்கும். கொதிக்கும்போது நான் எதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்பதை இனி நான்தான் சொல்வேன்.

மணி அடிக்கிறது. முடிக்கிறேன்.

பின்வரிசையில் ஒரு ஐயா கேட்கிறார், “கடல் நல்லாத் தெரியுதாம்மா?” என்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் ஐயா. நீங்கள் திருப்பிவைத்து இன்றோடு ஒன்பது நாள். ஒன்பது நாளும் மூடுபனி. கடலும் தெரியவில்லை, அக்கரைப் பனிமலையும் தெரியவில்லை. இன்று காலை கெட்டில் கொதித்து ஆறும்வரை ஜன்னலில் நின்றேன், எல்லாம் ஒரே வெள்ளை, ஒரு மண்ணும் தெரியவில்லை. ஆனால் அந்த வெள்ளைக்குப் பின்னால் பன்றி இல்லை. அது எனக்குத் தெரியும். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

அம்மையாரே, நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன். வீட்டைத் திருப்பிய அன்றிரவே கடைசியாக ஒரு வரி எழுதிவைத்தேன், படகில் போகும்போது வாசியுங்கள்: “இன்று நாற்பது பேரிடம் கேட்டேன்.”

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், பொறுமையின்றி நின்ற கொழுந்தனாருக்கும், சேற்றில் நடந்த காளைகளுக்கும் என் நன்றி. குழி திறந்தாயிற்று, சிப்பியும் இறைச்சியும் வெந்துவிட்டன, ஆறுவதற்குள் வாருங்கள். வணக்கம்.