சைவ மூக்கு

முட்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில், என் முன்னிருக்கையில் திருநீறு பூசிய ஒருவர் துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார். அருகில் கல்லூரியில் படிக்கும் மகள். படியோரம் யாரோ ஏற்றிய மீன் கூடை, இறுக மூடியிருந்தது.

“மணம் தெரியுதுன்னா மீனே கொஞ்சம் மூக்குக்குள்ள போயிட்டுன்னு அர்த்தம்ப்பா,” என்றாள் மகள். “மூலக்கூறா வந்து உள்ள மணத்தப் பிடிக்குற ஏற்பியில ஒட்டினாத்தான் மணமே தெரியும்.”

“அப்பம், பிறந்ததுல இருந்து காப்பாத்தின சைவம் போச்சா?”

“ஏற்பிக்கு சைவம் அசைவம் தெரியாதுப்பா.”

அவர் துண்டை இறக்கி மூச்சை ஆழமாக இழுத்தார்.

“போனது போச்சு மக்களே,” என்றார் மகளிடம். “ஆனா இது சாளை மீனில்ல, நெய்மீனாக்கும்.”

“அது உங்களுக்கு எப்பிடிப்பா தெரியும்?”

துண்டு மறுபடியும் மூக்குக்குப் போனது.