படித்தவனும் துபாய்க்காரனும்

சீசன் கூட்டத்தில் குற்றாலம் பஸ் நகராமல் நின்றது. எனக்கு முன் சீட்டில் அக்கம்பக்கத்து வீட்டுக்காரிகள் இருவர். ஜன்னலோரத்தில் இருந்தவள் கைப்பேசியைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கடைசியில் சொல்லியே விட்டாள்.

“யக்கா, போன வாரம் கணக்கெடுக்க வந்த பிள்ளையை நான் பொண்ணு வீட்டு ஆளுன்னுல்லா நெனச்சேன்.”

“ஏட்டி, அது பொருளாதாரம் ஆராய்ச்சி பண்ணுத பிள்ளை. எவ்வளவு படிச்சா என்ன வேலை கெடைக்குதுன்னு பாக்குதாம்.”

“மவன் என்ன படிச்சிருக்கான், என்ன வேலை, சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா நான் வேற என்னத்த நெனைப்பேன்? இன்ஜினியரு, துபாய்ல பெரிய வேலைன்னு சொல்லிட்டேன். இப்ப அவன் நம்பரு வேணும்னு மெசேஜ் போட்டிருக்கு.”

“படிச்சு முடிச்சதுலேர்ந்து வீட்டுலல்லா இருக்கான்!”

“அதான் பயமா இருக்கு. உங்க மவனைப் பத்தி என்ன சொன்னிய?”

மற்றவள் சாரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பத்தாப்பு பெயிலு, வேலையில்லாம வீட்டுல கெடக்கான்னு சொன்னேன்.”

“துபாய்ல வண்டி ஓட்டுதவனையா?”

“வெளிநாட்டுல இருக்கான்னா ரேஷன் கார்டை மாத்தி அரிசியை நிறுத்திருவாவளோன்னு பயந்துட்டேன்ட்டி.”

பஸ் கொஞ்சம் உருண்டு மறுபடி நின்றது.

“அப்ப நம்ம தெருவுல படிச்சவனுக்கு வேலை இருக்கு, படிக்காதவனுக்கு இல்லன்னுல்லா அந்தப் பிள்ளை எழுதிரும்! யக்கா, போன் பண்ணி உள்ளதைச் சொல்லிருவமா?”

“சொல்லிருவோம். மொதல்ல உன் மவனுக்கு ஒரு பொண்ணு அமையட்டும்.”

கைப்பேசி பைக்குள் போனது.