முன்னங்கால் சூடு

குதிரையின் காலைத் தொட்டுப் பார்க்க இடக்கைதான் நல்லது, சார். என் வலக்கை கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டிக் காய்த்துப்போனது. அதற்குச் சூடு தெரியாது.

எழுபத்தாறில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். நான் ஈப்போ பந்தயத் திடலில் குதிரை பராமரிக்கும் சைஸ் வேலைக்கு வந்தேன். விடிந்ததும் கால்களைத் தடவிப் பார்க்க வேண்டும். சுட்டால் பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். வெளி ஆட்களிடம் சொல்வதும் பந்தயம் கட்டுவதும் குற்றம் என்று முதல் நாளே வாசித்துக் காட்டினார்கள்.

பத்துமலை எங்கள் தோட்டத்து ஆள். பக்கத்து ஊரான லகாட்டில் ஆட்களிடம் பணம் வாங்கிக் கள்ளப் பந்தயம் பிடித்தான். ஒருநாள் சாப்பாட்டுக் கடையில், "உன் குதிர ஓடுமாலா?" என்றான். "நொண்டுது" என்றேன். பேச்சுவாக்கில் வந்த சொல். அடுத்த வாரம் என் சட்டைப் பையில் பணம் திணித்தான். வேண்டாம் என்றதும் சிரித்தான்.

"வாயத் தொறந்தாச்சு மச்சான். இனி மூடுனா நானே ஆபீஸ்ல சொல்லிருவேன்லா. வேலயும் போவும், நீயும் உள்ள போவ."

என் குடும்பம் லாயத்துக்குப் பின்னாலிருந்த அறையில்தான் இருந்தது. வேறு போக்கிடம் இல்லை. மூன்று வருடம் சொன்னேன்.

போன சனிக்கிழமை கறுப்புக் குதிரையின் முன்னங்கால் சுட்டது. ஊரே பத்துமலையிடம் அதன்மேல் பணம் கட்டியிருந்தது. அது ஓடித் தோற்றால் அவனுக்கு லாபம். ஓடாமல் நின்றால் கட்டியதைத் திருப்பித் தர வேண்டும்.

"அது ஓடணும்" என்றான்.

ஐஸ் துணியைச் சுற்றி வைத்தேன். பயிற்சியாளர் தொட்டபோது கால் குளிர்ந்திருந்தது.

ஓட்டியவன் ஜெயபாலன், என் தங்கை நவமணியின் கணவன். ஏறுமுன் எப்போதும் என்னைத்தான் கேட்பான். அன்றும் கேட்டான்.

"கால் எப்படிலா மச்சான்? ஒங்க தங்கச்சிக்கு ஆறு மாசம். நான் விழுந்தா அவளே என்னைக் கொன்னுருவா."

பத்துமலை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லா இருக்கு. ஏறு" என்றேன். அவன் பாதத்தைத் தாங்கி நான்தான் ஏற்றிவிட்டேன்.

கடைசி வளைவில் குதிரையின் கால் முறிந்தது. பின்னால் வந்த ஏழு குதிரைகளுக்கும் விலக இடமில்லை.

அவன் விழுவான் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். தெரியாமல் யாராவது ஐஸ் வைப்பார்களா?

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நவமணியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சார். பாவம், அவள் நம்பிச் சாய இனி என்னை விட்டால் யாரும் இல்லை.