ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு ஆள்

அந்தப் பக்கம் இல்ல தம்பி, இங்க. ஜன்னலைப் பாருங்க. ஆ, நான்தான். போன்ல பேசுனது நான்தான், விளம்பரம் குடுத்ததும் நான்தான், அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரும் என்னோடதுதான். பின்சந்து வழியா வாங்கன்னு சொன்னேன், சரியா வந்துட்டீங்க. வாசப்பக்கமெல்லாம் சுத்த வேணாம், எனக்கு முட்டி வலி, எழுந்து வந்து திறக்கறதுக்குள்ள பொழுது போயிடும். இப்படி நிழல்ல நில்லுங்க. தனியாத்தானே வந்தீங்க? நல்லது. இழுக்கக் கயிறு இருக்கா? பூட்டு வெட்டுற கட்டர் சொல்லியிருந்தேனே? டிக்கியிலயா, இருக்கட்டும் இருக்கட்டும், இப்பவே எடுக்க வேணாம். எந்த ரோட்டுல வந்தீங்க? பாலம் வழியாவா. கூட்டமா இருந்திருக்குமே.

அதுவா? அது கதவு இருந்த இடம். பூச்சு இன்னும் காயல, அதான் பச்சையாத் தெரியுது. காத்து வருதுன்னு பையன் செங்கல் வெச்சு அடைச்சுட்டான். அது கிடக்குது, விடுங்க.

வண்டி அந்தத் தகரக் கொட்டகையில இருக்கு. பாக்காம யார் வாங்குவா, பாக்கலாம். ஆனா முதல்ல அது எப்படி என்கிட்ட வந்துச்சுன்னு கேக்கணும். கேட்டாத்தான் வண்டி. சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். அவசரமும் இருக்கு, இல்லன்னு சொல்லல. பையன் வேலை விட்டு வர்றதுக்குள்ள வண்டி இந்தச் சந்தைத் தாண்டிடணும். அவனுக்குத் தெரியாது. அட, ஏன் முழிக்கறீங்க? வண்டி என் பேர்ல இருக்கு. பேப்பரெல்லாம் சீட்டுக்கடியில பத்திரமா இருக்கு. அப்பன் தன் பொருளை விக்கறதுக்குப் பிள்ளைகிட்ட லீவு லெட்டரா குடுக்கணும்?

நான் பஸ் டிரைவர் தம்பி. ஒரே ரூட்ல ஓட்டியே ரிட்டயர் ஆனவன். அதே குழி, அதே திருப்பம், அதே ஆளு அதே கம்பத்துக்குப் பக்கத்துல நின்னு கை காட்டுவான். கண்ணைக் கட்டி விட்டாலும் ஓட்டுவேன். ஆனா அந்த சீட்டுல ஒரு வசதி உண்டு, உயரம். ரோட்டுல நடக்கறவனுக்குக் காம்பவுண்டு சுவர்தான் தெரியும். எனக்கு சுவருக்கு அந்தப் பக்கம் தெரியும். யார் வீட்டுக் கொடியில என்ன காயுது, யார் மாடியில நின்னு அழறாங்க, எல்லாம் அத்துப்படி.

ஒரு தடவை பெருங்காத்து அடிச்சுது. மறுநாள் போறேன், ஒரு பெரிய வீட்டுக் கொல்லையில இருந்த ஷெட்டுக்குக் கூரையைக் காணோம். பறந்துபோச்சு. உள்ள எட்டிப் பாத்தா, நீளமா ஒரு பானெட்டு. ரெண்டு உருண்டை விளக்கு, அப்படியே என்னைப் பாக்குது. பின்னாடி ரெண்டே ரெண்டு சீட்டு. நான் என்னை அறியாம பிரேக்கை மிதிச்சுட்டேன். நின்னுக்கிட்டிருந்த சனமெல்லாம் என் மேல வந்து சரிஞ்சுது. கண்டக்டர் ஓடிவந்து, என்னண்ணே நாயான்னான். ஆமாப்பா, நாய்தான்னேன்.

அன்னிக்கு சோறு இறங்கல. சம்சாரம்கிட்ட சொன்னேன். அவ நிதானமாக் கேட்டா, வீட்டுல நாம மூணு பேரு, வண்டியில ரெண்டு சீட்டு, மூணாவது ஆளை எங்க, கூரை மேல கட்டப் போறீங்களான்னு. அந்த வண்டிக்குக் கூரையே கிடையாதுடின்னேன். அப்போ மழை வந்தான்னா. நனையலாம்னேன். சரி, போய்க் கேட்டுட்டு வாங்கன்னு சொல்லிட்டா. அவ அப்படித்தான்.

லீவு போட்டுட்டுப் போனேன். வீட்டுல ஒரே ஒரு மனுஷர், கல்யாணம் கட்டிக்காதவர், அப்பவே தலை நல்லா வெளுத்திருந்துச்சு. காரா, இங்க ஏது கார்னு முகத்துல அடிச்ச மாதிரி சொன்னார். நான் சொன்னேன், சார், உங்க ஷெட்டு கூரை பறந்துருச்சு, நான் பஸ்ல இருந்து பாத்தேன். அவ்வளவுதான், ஆளு அப்படியே வாசப்படியில உக்காந்துட்டார். நிறம் இன்னும் இருக்கான்னு கேட்டார். பாத்துக்குங்க, தன் வீட்டுக் கொல்லையில நிக்கற வண்டி, என்கிட்டக் கேக்கறார், நிறம் இருக்கான்னு.

கூட்டிட்டுப் போனார். நான் ஷெட்டைச் சுத்திச் சுத்தி வர்றேன், கதவைக் காணோம். நாலு பக்கமும் செங்கல். எனக்குத் தலை சுத்துது. வண்டியை உள்ள வெச்சா கட்டுனாங்கன்னு கேட்டேன். ஆமாங்கறார். சின்ன வயசுல ஆசைப்பட்டு வாங்கியிருக்கார், கன்னாபின்னான்னு ஓட்டியிருக்கார், ஒரு நாள் மதகுல மோதிக் கை உடைஞ்சுபோச்சு. அவர் ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது, அவங்க அப்பா கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து ஷெட்டு வாசலை அடைச்சுட்டார். எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டான்னாராம். இவரும் சரின்னுட்டாராம்.

அப்பா போனதுக்கு அப்புறமாவது இடிச்சிருக்கலாமே சார்னேன். அதுக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? பழகிப்போச்சுப்பான்னார். கோபமா சொல்லல, வருத்தமா சொல்லல. பழகிப்போச்சு. இன்னிக்கும் அந்த வார்த்தை காதுலயே நிக்குது தம்பி.

அப்புறம் ஏணி போட்டு உள்ள இறங்குனேன். ஆமா, காந்தம் கொண்டுபோயிருந்தேன், துணி சுத்தி, பெயிண்ட் கீறக் கூடாதுல்ல. நீங்களும் வெச்சிருக்கீங்களா? பாக்கெட்டு தொங்கறப்பவே நினைச்சேன். அப்ப நீங்க வேலை தெரிஞ்ச ஆளுதான். எல்லா இடத்துலயும் கப்புனு ஒட்டுச்சு. மதகுல இடிச்ச மூக்குல மட்டும் ஒட்டல, அங்க உள்ள பட்டி, நசுங்குனதை மறைக்கப் பூசுனது. மத்ததெல்லாம் பிறந்த தகரம். வண்டிக் கதவைத் தூக்கிப் பாத்தேன், தொங்கல. தரைத்தகடுதான் போயிருந்துச்சு, காலை வெச்சா நேரா மண்ணு. இஞ்சின் இறுகிப்போயிருந்துச்சு. ஹேண்டில் போட்டு நான் சுத்தவே இல்ல. சுத்தியிருந்தா உள்ள கீறியிருக்கும், முடிஞ்சிருக்கும் கதை. பிளக்கைக் கழட்டி எண்ணெயை ஊத்திட்டு விட்டுட்டேன், ஊறட்டும்னு. சேஸிஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் பேப்பர்ல இருந்ததுதான். அவர் ஏணி மேல நின்னு பாத்துக்கிட்டே இருக்கார். உள்ள இறங்கல. ஸ்டியரிங் திரும்புதான்னு மட்டும் கேட்டார். திருப்பிக் காட்டுனேன். போதும் போதும்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டார்.

எந்த ரோட்டுல வந்தீங்க? கேட்டேனா? சரி, சரி. பாலம். ஞாபகம் இருக்கு.

விலை பேச வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்திட்டார். குடுக்கறதைக் குடு, சுவரை இடிக்கும்போது முதல் அடி என்னுதுன்னார். அந்தக் கையில ஒரு சுத்தியல், தூக்கவே முடியல, ரெண்டாவது அடியிலயே மூச்சு வாங்குது. விடவும் மாட்டேங்கறார். ஒரு செங்கல் உள்ள விழுந்துச்சு பாருங்க, அந்த ஓட்டை வழியா வெளிச்சம் போய் அந்த விளக்குல பட்டுச்சு.

இழுத்துட்டு வர என் சிநேகிதன் வேனைக் கொண்டுவந்திருந்தான். உங்களுக்குச் சொல்ல வேணாம், கயிறு கட்டி இழுத்தா பின்னாடி வண்டியில ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு ஆள் வேணும், இல்லன்னா நேரா போய் எதுலயாவது முட்டும். நான் உக்காரப் போனேன். அதுக்குள்ள அவர் ஏறி உக்காந்துட்டார். சார் இறங்குங்க, எனக்கு இது தொழிலுன்னு கெஞ்சறேன். ஸ்டியரிங்கை உடும்பு மாதிரி பிடிச்சுக்கிட்டு இறங்கவே மாட்டேன்னுட்டார். வேற வழி? அவரையும் சேர்த்துதான் இழுத்துட்டு வந்தோம்.

வேன் ஊர்ந்து போகுது, சைக்கிள்காரன் மணி அடிச்சு முந்திட்டுப் போறான். நான் வேன்ல இருந்து திரும்பிப் பாக்கறேன். அந்த வெள்ளை முடி காத்துல பறக்குது, வாயை ஆன்னு திறந்துக்கிட்டு சிரிக்கறார் தம்பி, சத்தம் போட்டு சிரிக்கறார். நான் ஆயிசுக்கும் பஸ் ஓட்டியிருக்கேன், ஒரு நாள் கூட அப்படி சிரிச்சதில்ல. பொறாமையா இருந்துச்சு. அப்பவே மனசுல வெச்சுக்கிட்டேன், என்னிக்காவது நானும் அந்த மாதிரி ஒரு தடவை போகணும்னு.

வேலை முடியல, அதை மறைக்க மாட்டேன். இஞ்சின் இளகிடுச்சு, தரைத்தகடு புதுசு அடிச்சாச்சு. சக்கரக் கம்பியெல்லாம் என் சம்சாரம் பல் தேய்க்கற பிரஷ்ஷை வெச்சுத் துலக்கி வெச்சா, ஒவ்வொரு கம்பியா, பாட்டுப் பாடிக்கிட்டு. அப்புறம் அவ படுத்துட்டா. அவ போனதுக்கு அப்புறம் நான் அந்தப் பக்கமே போகல. இனிமே நீங்க பாத்துக்குங்க. அந்தக் கம்பியை மட்டும் மாத்திடாதீங்க.

உங்களுக்கு ஒரு டீ கூடக் குடுக்க முடியல பாருங்க. கேஸ் ரெகுலேட்டரைப் பையன் ஆபீசுக்குப் போறப்ப பையில போட்டு எடுத்துட்டுப் போயிடுவான். சேச்சே, கெட்டவன் இல்ல, தங்கமான பிள்ளை. மருமகளும் அப்படித்தான். வேளைக்குச் சாப்பாடு மூடி வெச்சிருக்கும், மாத்திரை டப்பாவுல இருக்கும். என்ன, ஒரு நாள் காலையில நான் பழக்கதோஷத்துல டிப்போவுக்குப் போயிட்டேன். பழைய ரூட்டு பஸ் நின்னுச்சு. ஏறி டிரைவர் சீட்டுல உக்காந்தேன். உக்காந்தேன், அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணல! பண்ணவே இல்லன்னு எத்தனை தடவை சொல்றது? வீட்டுல அடுப்பு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சாம், அது வேற. பையன் வந்து கையைப் பிடிச்சு இறக்கிக் கூட்டிட்டு வந்தான். வழியெல்லாம் அழுதான் பாவம். மறுநாளே கொத்தனார் வந்துட்டார். எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்பான்னான். நானும் சரின்னுட்டேன்.

உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தார் தம்பி. அவர்கிட்ட நான் தப்புப் பண்ணிட்டேன், கதை எதுவும் சொல்லாம எடுத்த எடுப்புல கேட்டுட்டேன். மனுஷர் மிரண்டுபோயி, வாசக்கதவுல ஒட்டியிருக்கற பையன் நம்பருக்குப் போன் போட்டுட்டார். அதான் இந்த தடவை முழுசா சொல்லிட்டுக் கேக்கறேன். நீங்களே சொல்லுங்க, புத்தி பிசகுனவனுக்கு இஞ்சினை ஏன் சுத்தக் கூடாதுன்னு தெரியுமா? பட்டி எங்க இருக்குன்னு சொல்லத் தெரியுமா? பாலம் வழியாத்தானே வந்தீங்க? பாருங்க, மறக்கல.

விலையை நீங்க என் பையன்கிட்டப் பேசிக்குங்க. எனக்கு வேண்டாம். நீங்க தனியா வந்திருக்கீங்க, ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் வேணும். நான் பிடிக்கறேன். முட்டி வலியா? அதெல்லாம் சும்மா சொன்னேன். சாயங்காலம் நீங்களே என்னைத் திருப்பிக் கொண்டாந்து விட்டுடுங்க, நான் ஒண்ணும் ஓடிப் போகல, எனக்கும் இது பழகிக்கிட்டே வருது. அதான் பயமா இருக்கு.

நல்ல பிள்ளை. கட்டரை எடுத்துக்கிட்டீங்களா? அட, கொட்டகைப் பக்கம் எங்க போறீங்க? அதுக்குப் பூட்டே கிடையாது தம்பி, தள்ளுனா திறக்கும். இப்படிச் சுத்தி வாசப்பக்கம் போங்க. கதவுல வெளிப்பக்கம், கீழ, பித்தளைப் பூட்டு ஒண்ணு தொங்கும்.