மருதாத்தாளின் அருவருப்பு

கரப்பான் பூச்சி சுத்தமான உயிர் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அது தன் மீசையை ஒவ்வொன்றாக வாய்க்குள் இழுத்துத் துடைத்துக்கொள்வதை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் நாற்காலியைப் பின்னால் நகர்த்துகிறீர்கள், ஐயா. அதில் தவறில்லை. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

என் பெயர் நஞ்சப்பன். கொல்லங்கோட்டுக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் விவசாயம். நிலச்சட்டம் வந்து பாதி வயல் குத்தகைக்காரர்களிடம் போனபின் எனக்கு வேலை குறைந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் வேலி வெட்டும்போது ஒரு ஜோடி பச்சோந்தி அகப்பட்டது. ஆட்கள் கல்லை எடுத்தார்கள். நான் தடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, கம்பிவலைக் கூண்டு அடித்து, உள்ளே கொய்யாக் கிளை நட்டு, அதில் விட்டேன். ஒரு கண் முன்னால் பார்க்கும், ஒரு கண் பின்னால் பார்க்கும். எதற்கும் அவசரம் கிடையாது. அந்தப் பொறுமை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கோடையில் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டேன். ஆடி மழை பிடித்ததும் அது கிடைக்கவில்லை. பச்சோந்திகள் மெலிந்தன. அதனால் கரப்பான் வளர்த்தேன். ஒரு பெரிய மண்பானை, உள்ளே தென்னம்பாளையும் கிழிந்த சாக்கும், தீனிக்குத் தவிடும் பூசணித் தோலும். ஏறி வெளியே வராமலிருக்க உள்விளிம்பில் விளக்கெண்ணெய் தடவினேன். முதல் நாள் மூடியைத் திறந்த வாடைக்கே வாந்தி எடுத்தேன். மறுநாள் கையை உள்ளே விட்டு அப்படியே வைத்திருந்தேன். முழங்கைவரை ஏறின. கால்களெல்லாம் முள். சில நாட்களில் இது என் கை, அது பூச்சி, அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. நன்றாகப் பெருகியதும் தொழுவத்துப் பரண்மேல் இன்னொரு பானையும் வைத்தேன்.

என் மனைவி மருதாத்தாள் சித்தூர்ப் பக்கத்துப் பெண். முட்ட வரும் எருமையைக் கொம்பைப் பிடித்துத் திருப்பிவிடுவாள். ஆனால் பானை இருந்த அறைப்பக்கம் வரமாட்டாள். நில வழக்குக்காக நான் அடிக்கடி பாலக்காடு போகவேண்டியிருந்தது. நான் இல்லாதபோது அவள்தானே தீனி வைக்கவேண்டும்?

“ஏனுங்க, இது மட்டும் எனக்கு ஆகாதுங்க. பாத்தாலே ஒடம்பெல்லாம் கூசுது. இன்னும் நாலு எருமை வேணும்னாலும் கட்டுங்க, நா பாத்துக்கறேனுங்க” என்றாள்.

“பழகினாச் சரியாப் போயிரும், புள்ளெ” என்றேன்.

நான் அனுபவத்தில் சொன்னது அது. கல்யாணமான புதிதில் அவளுக்குக் கிணறு என்றால் பயம். இடுப்பில் வடக்கயிறு கட்டி இறக்கிவிட்டு, சாயங்காலம் தூக்கினேன். அதற்குப் பிறகு அவள் கிணற்றைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

இதிலும் படிப்படியாகத்தான் போனேன். முதலில் பானைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பிறகு அங்கேயே சோறு உண்ணச் சொன்னேன். பிறகு மணிக்கட்டைப் பிடித்து உள்ளே விட்டேன். அவள் திமிறியதில் சுண்டுவிரல் பிசகிக்கொண்டது. ஒடிந்தது என்று அவள் அண்ணன் உங்களிடம் சொல்லியிருப்பார்.

அவள் சித்தூரில் இருக்கும் அண்ணன் சென்னிமலையின் வீட்டுக்குப் போய்விட்டாள். சென்னிமலை மச்சான்தான் திரும்பக் கூட்டிவந்தார்.

“மாப்பளெ, அவ பயந்து கெடக்கறா. அந்தப் பானையத் தூக்கி வீசிப்போட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சுங்க?”

“நா பாத்துக்கறேனுங்க, மச்சான்.”

அவர் காப்பி குடித்துவிட்டுப் போனார். மருதாத்தாள் அவர் தலை மறையும்வரை வாசலில் நின்றிருந்தாள்.

நேற்று வாய்தாவுக்குப் போன இடத்தில் கோர்ட்டு இல்லை. மத்தியானமே திரும்பிவிட்டேன். பானையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றியிருந்தாள். கூண்டு திறந்துகிடந்தது. அவள் உலக்கையோடு அறை வாசலில் நின்றாள். அழவில்லை.

“நாந்தான் கொன்னேனுங்க. பச்சோந்திய வேலியிலயே உட்டுட்டேன். இனி இந்த ஊட்டுல நா இருக்கோணும், இல்லீனா அந்தப் பூச்சி இருக்கோணும்.”

வாக்குமூலத்தில் கோபத்தில் செய்தேன் என்று எழுதவேண்டாம், ஐயா. எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு நாள் எடுத்த சிரமம் வீணாகிறதே என்றுதான் இருந்தது. கையைப் பிடிக்கப் போனேன், உலக்கையால் அடித்தாள். நெற்றியில் இந்தத் தையல் அதுதான். உலக்கையை வாங்கி, அவள் ஓடாமலிருக்க முழங்காலில் ஒரு அடி வைத்தேன். எழப் பார்த்தாள், இன்னொன்று வைத்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு பத்தாயத்துக்குப் போனேன். நெல் கொட்டிவைக்க என் தகப்பனார் செய்த பெரிய மரப்பெட்டி அது. முன்னைப்போல நெல் வந்திருந்தால் அதில் ஆளுக்கு இடம் இருந்திருக்காது.

தொழுவத்துப் பானை அவளுக்குத் தெரியாது. அவளைப் பெட்டிக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்து அவள்மேல் கவிழ்த்து, மூடியைப் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் திட்டினாள். என் தாயையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு மரத்தைப் பிறாண்டினாள். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் தணிந்து வந்தது.

“ஏனுங்க, தொறங்க. நா தீனி வெக்கறேனுங்க. தெனமும் வெக்கறேன். கையில எடுத்தே வெக்கறேனுங்க.”

பயத்தில் சொல்கிற சம்மதம் நிலைக்காது. அதனால் திறக்கவில்லை.

எலி நுழையாதபடி இழைத்துச் சேர்த்த பலாமரம் அது, காற்றும் நுழையாது என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும், ஐயா. அதனால்தான் அதில் நெல் கெடுவதில்லை.

தட்டுவது மெதுவாகி நின்றது. நான் எழுந்திருக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு இறங்கி, மூடியைத் தூக்கி, அரிக்கேனைக் காட்டினேன். விரல்களில் நகம் இல்லை. உதட்டிலும் இமையிலும் அவை ஊர்ந்துகொண்டிருந்தன. மருதாத்தாள் ஒன்றையும் தட்டிவிடவில்லை. அமைதியாகப் படுத்திருந்தாள். ஒரு வழியாகப் பழகிவிட்டாள். அதைச் சென்னிமலை மச்சான் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்றுதான் நெற்றிக் காயத்துக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு சித்தூர் பஸ் ஏறினேன்.