புகை வராத கரி

ஹலோ... ஆமா, ஆமா, நோல்ஃபா அக்காதான்டா. கூடப் பிறந்தவ குரல் கூடவா தெரியல?... ஏன் நாக்கு இப்படிக் குழறுது? இந்நேரத்துலயேவா ஒயின்?... ஃப்ளூவா. சரி. ஜுரம்?... இல்ல. இருமல்?... அதுவும் இல்ல. தலைவலி மட்டும். அம்மா வைத்தியம் மாதிரி நெத்தியில உருளைக்கிழங்கு வில்லை ஒட்டினியா?... ரெண்டு பக்கமுமா. கொஞ்சம் உப்பும் வெங்காயமும் போட்டுக்க, ராத்திரி சாப்பாடு ஆச்சு.

இங்க தெமுக்கோவுல வெறும் மழைதான். அங்க மலை மேல லோன்கிமாய்ல பனி எப்படி?... முழங்கால் வரைக்குமா... ஆமா, ஆமா, நம்ம நாட்டுல ஜூலைன்னா நடுக் குளிர்காலம், அப்படித்தான்... ஜன்னல் இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டிட்டியா? சமர்த்து... கதவுக்கு அடியில போர்வை வேற.

விறகு அடுப்பு எரியுதுல்ல?... புகைக்குழாய் அடைச்சுக்கிச்சா. அப்புறம் வீடு எப்படிச் சூடா இருக்கு?...

எவரிஸ்தோ. கரி நெருப்புச் சட்டியை எங்க வெச்சிருக்க?... படுக்கையறையிலயா... தெரியும்டா, முற்றத்துல வெச்சு கரியைச் சிவக்கவிட்டுத்தான் உள்ள தூக்கியிருப்ப. நம்ம ஊரே அப்படித்தான்... கரி மேல சர்க்கரையும் தூவியாச்சு. வாசனையா இருக்கு. சரி. புகை இல்லைன்னா விஷமும் இல்லைன்னு எவன்டா சொன்னான்?... அப்பாவா? அப்பா வீட்ல பலகைக்குப் பலகை காத்து பூந்து போகும்டா! நீ சீசாவுக்கு மூடி போட்ட மாதிரி அடைச்சு வெச்சிருக்கியே!

யமிலெத் எங்க?... தூங்குறாளா? பட்டப்பகல்லயா? உன் பொண்டாட்டி என்னிக்குடா பகல்ல தூங்கினா?... எழுப்பு... எழுப்புடா!... அசையலையா...

டேய், கட்டில்ல உக்காராத. உக்காந்தா நீயும் எந்திரிக்க மாட்ட. ஜன்னலைத் திற... உறைஞ்சிருந்தா உடை. நாற்காலியால உடை!... கண்ணாடி போனா போகுது!... ஆங், கேட்டுச்சு. இப்ப கதவு. அவளைத் தரதரன்னு இழு, எங்கயாவது இடிச்சாலும் பரவால்ல... சட்டி கிடக்கட்டும், அவளை இழு!... எவரிஸ்தோ?... எவரிஸ்தோ!...

ஆமா, ஆமா, இருக்கேன், இங்கதான்டா இருக்கேன். வெளிய வந்துட்டீங்களா?... பனியிலயா... மூச்சு வருதா?... கன்னத்துல தட்டு. பேர் சொல்லிக் கூப்பிடு...

அது யாரு? அவ குரலா? என்ன சொல்றா?... செருப்பில்லாம பனியில போட்டுட்டியேன்னு திட்டுறாளா... ஐயோ கடவுளே. உன் கோட்டைக் கழட்டி அவளுக்குப் போத்து. பக்கத்து வீட்டு ரிக்கோபெர்த்தோவைக் கத்திக் கூப்பிடு, வண்டி எடுக்கச் சொல்லு. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகணும்... தலைவலி விட்டாலும் போகணும்! போனை அவகிட்ட குடு...

யமிலெத்தா? நோல்ஃபா அண்ணிதான்மா... ஆமா, ஆமா, முட்டாப்பயதான்... ஆமாம்மா, எங்க அம்மா வளர்ப்புதான்... திட்டும்மா, நல்லா திட்டு. ஆஸ்பத்திரி போற வழியெல்லாம் திட்டு. அவனைத் தூங்க மட்டும் விட்டுடாத.