ஒற்றைக் கொம்பில் துளிர்

காய்ந்த கட்டையிலும் கலையைக் கண்டெடுக்கும் கண் படைத்த தலைவர் அவர்களே! வேரிலும் விதையிலும் விந்தை புரியும் சங்கத்துப் பெரியோர்களே! நாங்கள் வீட்டுக்குள் சுமந்து வரும் சுள்ளிகளைக் குப்பையில் வீசாமல் பொறுத்தருளும் தாய்மார்களே! இரண்டாம் வரிசையில் இருந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசியே! அனைவருக்கும் வணக்கம்.

"கீழே கிடந்ததை எடு, மரத்தில் இருப்பதைத் தொடாதே." விழுந்து கிடக்கும் கட்டைகளில் சிலை செய்யும் நம் சங்கத்துக்கு இதுதானே சட்டம்? நாம் விற்கும் ஒவ்வொரு சிலையின் கழுத்திலும் இதைத்தானே அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறோம்? அந்தச் சட்டம் காத்த செம்மல் என்று சொல்லித்தான் தலைவர் இந்தக் கேடயத்தைக் கொடுத்தார். என் மான் சிலையின் கொம்பு துளிர்த்ததாம்! காய்ந்த கட்டைக்கு நான் உயிர் கொடுத்தேனாம்! கை தட்டாதீர்கள் ஐயா, கொஞ்சம் பொறுங்கள்!

நடந்தது என்ன? மானுக்கு உடல் கிடைத்தது ஆற்றங்கரையில். கால்கள் கிடைத்தன காட்டோரத்தில். ஒரு கொம்பு கிடைத்தது ஓடைக்குள். மறு கொம்பு? மூன்று மாதம் தேடினேன். முதுகு வளைந்தது, முழங்கால் தேய்ந்தது, கொம்பு மட்டும் கிடைக்கவில்லை.

கடையில் விற்பவர் என் மனைவி. "பல் டாக்டர் நாளைக்கு மானை எடுக்க வரார். ஒத்தைக் கொம்போட குடுத்தா, எங்க போய் முட்டிச்சுன்னு கேப்பாருங்க" என்றார்.

அன்று மாலை, வேலியோரத்து மரத்தில் பார்த்தேன். அதே வளைவு! அதே கவை! அக்கம்பக்கம் பார்த்தேன். அறுத்தேன்! மானின் தலைப்பொந்தில் ஈரக் களிமண்ணை அடைத்து நட்டேன். டாக்டர் வீட்டம்மா அதைத் தினமும் தண்ணீர் தெளித்துத் துடைத்திருக்கிறார்.

இருபதாம் நாள் டாக்டரின் தொலைபேசி. "என்னங்க, ஒரு கொம்புலதான் இலை விடுது. இன்னொண்ணு சரியில்ல போல. வந்து மாத்திக் குடுங்க!"

சட்டப்படி எடுத்த கொம்பு சரியில்லையாம்! திருட்டுக் கொம்புதான் தரமாம்!

பின்வரிசையில் சிரிப்பவரே, உங்கள் யானைக்குத் தும்பிக்கை எங்கே கிடந்தது என்று நான் கேட்கட்டுமா? ஏன் திடீரென்று அமைதி?

செய்தி பரவியது. துளிர்க்கும் மான் வேண்டும் என்று ஏழு பேர் கடைக்கு வந்தார்கள். மனைவி கேட்டார், "எப்படிங்க துளிர்த்துச்சு?" "கலை" என்றேன். "கலையா, கத்தியா?" என்றார். வேலியோரத்து மரத்தைக் காட்டினேன்.

"அந்த அட்டையை நம்பித்தான் ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்துப் பேசி விக்கிறேன். இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு விப்பேன்? மேடையில உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா நாளையிலேர்ந்து கடையில நீங்களே உக்காருங்க."

அவர் இல்லாவிட்டால் என் மான் என்ன, ஒரு மரப்பல்லிகூட விற்காது. அதைவிட, அவர் குரல் அன்று உடைந்ததை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் சொல்லிவிட்டேன். அந்த ஏழு பேரிடமும் சொல்லிவிட்டேன். ஐந்து பேர் போய்விட்டார்கள். இரண்டு பேர் காய்ந்த மானே போதும் என்றார்கள்.

தலைவர் அவர்களே, சங்கத்தை விட்டு என்னை நீக்கினாலும் தலைவணங்குகிறேன். இந்தக் கேடயத்தை மட்டும் டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். நான் மறைத்தேன், என் அட்டை மறைத்தது, காய்ந்த கொம்பும் வாய் திறக்கவில்லை. இலை விட்டு உண்மையைச் சொன்னது அந்த ஒரு கொம்புதான்!

ஆகா, இரண்டாம் வரிசையில் முறைப்பு நின்றுவிட்டது! இனி நான் தைரியமாக வீட்டுக்குப் போகலாம். மணியடிக்காமல் பேசவிட்ட தலைவருக்கு நன்றி. கேட்டுச் சிரித்த உங்களுக்கும், சிரிப்பை நிறுத்திய அந்த யானைக்காரருக்கும் என் வணக்கம்!